ஜெனிவா அண்ணனின் இருபத்தாறாவது விதி

போர்க் கைதிகளுக்காக உலக நாடுகள் கூடி எழுதிய சட்டத்தை ஒரு வரி விடாமல் கடைப்பிடித்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் புதுக்கோட்டையில் எங்கள் கல்லூரி ஹாஸ்டலில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார்.

சொந்தப் பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் ‘ஜெனிவா’ அண்ணன். நார்த்தாமலைக்காரர். பட்டாளத்தில் சமைக்கப் போய், பாலைவனச் சண்டையில் பிடிபட்டு, அயல்நாட்டு முகாமில் இரண்டு வருஷம் கைதியாகக் கிடந்தவர். ஊர் திரும்பிச் சில வருஷம் கழித்து, ஜெனிவா ஒப்பந்தம் என்ற அந்தச் சட்டம் இங்கிலீஷ் புத்தகமாக அவர் கையில் சிக்கியது. படித்தவர்களை வாசித்துச் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துவிட்டார். அன்றிலிருந்து ஹாஸ்டல்தான் முகாம், நாங்கள் கைதிகள், வார்டன் எதிரி நாட்டு அதிகாரி.

கைதிகளை மாதம் ஒருமுறை எடை பார்க்க வேண்டுமாம். அரிசி மூட்டை நிறுக்கும் தராசு வேப்பமரத்தில் தொங்கும். ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் பி.ஏ. மாணவன்.

“அரை வீசை கொறஞ்சிருக்கீங்களே தம்பி. என் சமையல்ல என்ன கொறை?” என்று கேட்டு, மறுநாள் இரண்டு கரண்டி கூடப் போடுவார்.

சட்டத்தைக் கைதிகளின் மொழியில் சுவரில் ஒட்டவும் வேண்டுமாம். மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. கூலி, தினமும் ஓர் அப்பளம் கூடுதல். சமையலறைச் சுவர் முழுக்க என் கையெழுத்துதான்.

ஒருநாள் காலை வார்டனின் சைக்கிள் ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்றது. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி விசாரித்தார். கைதி தன் பெயர், பதவி, பிறந்த தேதி, எண் தவிர எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று சுவரில் படித்திருந்தோம். ஆளுக்கு ஆள் பெயர், வகுப்பு, பிறந்த தேதி, ரோல் நம்பர் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டோம்.

வார்டன் சமையலறைக்குப் பாய்ந்தார். “எவன்னு தெரியிற வரைக்கும் ஒருத்தனுக்கும் சோறு கெடையாது. அடுப்ப அணைச்சிட்டுச் சாவியக் குடுய்யா.”

“முடியாதுங்க ஐயா. ஒருத்தன் தப்புக்கு எல்லார் சோத்தையும் நிறுத்தக் கூடாது. இருபத்தாறாவது விதி.”

“சாயங்காலத்துக்குள்ள சாவி வரலேன்னா வேலை போயிடும்.”

“போனாப் போகுதுங்க. ஒலை கொதிக்குது, அரிசி போடணும்.”

மூன்று பிள்ளைகள் உள்ள மனுஷர். எனக்கு வேடிக்கை அத்தோடு போயிற்று. வார்டன் போனதும், “ஒங்களுக்கு எதுக்குண்ணே வம்பு?” என்றேன்.

அவர் அரிசி களைந்துகொண்டே சொன்னார். “முகாமுல ஒருத்தன் தப்பிச்சு ஓடிட்டான். மூணு நாளு எல்லாருக்கும் சோத்த நிறுத்திட்டாங்க. எம் பக்கத்துப் படுக்கைக்காரன் காய்ச்சல்ல கெடந்தான், தாங்கல, போயிட்டான். அப்பவே அந்தச் சட்டம் செவுத்துல ஒட்டித்தான் இருந்துச்சு தம்பி. எங்க யாருக்கும் படிக்கத் தெரியல.”

நேரே வார்டன் அறைக்குப் போனேன். பெயர், வகுப்பு, பிறந்த தேதி, ரோல் நம்பர் எல்லாம் சொல்லிவிட்டு, ஐந்தாவதாக, “சைக்கிள ஏத்துனது நான்தான் சார்” என்றேன். அண்ணனுக்கு வேலை தப்பியது. எனக்குப் பதினைந்து நாள் சஸ்பெண்ட், ஊருக்குப் போனேன். கீரமங்கலத்தில் எங்கள் அப்பா எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதவர்.

திரும்பி வந்த அன்று அண்ணன் வா என்றுகூடச் சொல்லாமல் தராசை மாட்டினார். “ஒரு வீசை போயிருச்சே தம்பி” என்றவர், முகத்தை அங்கிட்டுத் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டார்.

இப்போது மாதாமாதம் டாக்டர் என்னை எடை பார்த்து, கூடிவிட்டது என்று திட்டுகிறார். குறைந்ததற்காக அழ, எனக்கு ஜெனிவா அண்ணன் ஒருவர்தான் இருந்தார்.