தினம் ஒரு டம்ளர் சுவர்க்கோழி

தசரதன் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து பீரோ கத்தியது.

கிர்ர்... கிர்ர்...

வீட்டுக்காரர் தசரதன் டம்ளரை இறக்கினார். குடியிருக்கும் இருசப்பன் முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பி, "ஃபிரிட்ஜ் சார். கம்ப்ரஸர் போச்சு" என்றார். சத்தம் வந்ததோ ஹாலில் நின்ற ஸ்டீல் பீரோவிலிருந்து. இதை எடுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆளான இருசப்பனின் மனைவி வேதா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பீரோவின் கீழ்த்தட்டில் ஆயிரத்துச் சொச்சம் சுவர்க்கோழிகள் குடியிருந்தன. பேரைக் கேட்டுக் கோழி என்று நினைத்துவிட வேண்டாம். மழைக்காலத்தில் சுவர் இடுக்கில் உட்கார்ந்துகொண்டு கிர்ரென்று உயிரை வாங்குமே, அந்தப் பழுப்புப் பூச்சி.

இருசப்பன் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அந்த வருஷம், 2003இல், பட்டுப்புழு வளர்ப்பைப் பற்றி மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். புழுவிலிருந்து புடவையே எடுக்கிறார்கள், பூச்சியிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு எடுக்க முடியாதா என்ற கேள்வியோடு திரும்பி வந்தார். ஆட்டுக்குப் புல் வேண்டும், கோழிக்குக் கொட்டகை வேண்டும். சுவர்க்கோழிக்கு பீரோவில் ஒரு தட்டும் கேரட் தோலும் போதும். புரதமோ கறிக்குக் குறையாது. கதவில் ஓட்டை போட்டுக் கொசுவலை அடித்தார். உள்ளே தேங்காய் நார், ஈரப் பஞ்சு, பூச்சிகள் ஏறி உட்கார முட்டைக்கடையில் வாங்கிய காலி முட்டை அட்டைகள். கதவின் மேல் 'தேசியப் புரதப் பெட்டகம்' என்று பெயிண்டால் எழுதப் போனபோதுதான் வேதா பிரஷ்ஷைப் பிடுங்கினாள்.

ஆடி மாதம் முதல் அறுவடை. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு டம்ளர் நிறையப் பூச்சியை அவர் வேதாவிடம் நீட்டுவார். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கி, சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். சற்று நேரத்தில் வறுபடும் வாசனை வரும். இட்லியோடு பழுப்பு நிறப் பொடி வரும். பொடி தின்ன ஆரம்பித்த பிறகு கிரிவலம் பதினாலு கிலோமீட்டரும் எங்கேயும் உட்காராமல் நடந்ததாக அலுவலகத்தில் சொல்லிக்கொண்டார். நாட்டின் பசி இனிமேல் பீரோவைத் திறந்து மூடும் விஷயம்தான் என்றும் சொன்னார்.

ஒரே சிக்கல், வீடு. ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்து. சைவம் மட்டும் என்று சொல்லித்தான் தசரதன் வாடகைக்கு விட்டிருந்தார். மாடி அறைகளில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கினார்கள். மொட்டைமாடிக்கோ ஆடிக்கிருத்திகையிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு மயில் வந்தது. தசரதன் வாசலில் 'மயூர நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டார். மாமிச வாடை இல்லாத இடத்தில்தான் முருகன் வாகனம் இறங்கும், இத்தனை வருஷம் தான் காத்த ஆசாரம்தான் அதை இழுத்து வருகிறது என்று ஒவ்வொரு வெள்ளைக்காரருக்கும் விளக்கினார். இன்றைக்குக் காபி குடிக்க வந்ததும் அதைச் சொல்லத்தான்.

அவர் போனதும் வேதா வெளியே வந்தாள். காளான் வளர்த்து ஒரு வீடு போயிற்று. மண்புழு வளர்த்து இன்னொரு வீடு. மகள் நந்தினி இப்போது பத்தாவது.

"இந்த வீடும் போச்சுன்னா நானும் பொண்ணும் போளூர்ல எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவோம். நீங்க உங்க பூச்சியோட குடும்பம் நடத்துங்க" என்றாள். சத்தம் போடாமல் சொன்னாள். அவள் சத்தம் போடாமல் சொல்வதெல்லாம் நடந்துவிடும் என்று இருசப்பனுக்குத் தெரியும்.

மறுநாள், நல்ல மனசோடு, தசரதன் மெக்கானிக் காசியை அனுப்பிவைத்தார். காசி ஃபிரிட்ஜில் காதை வைத்துக் கேட்டான். பிறகு ஹாலுக்கு வந்து நின்று கேட்டான்.

"சார், கம்ப்ரஸர் போனது உங்க பீரோவுக்கு" என்றான்.

அன்றைக்கே பெட்டகம் குளியலறைப் பரணுக்கு இடம் மாறியது. பெரிய மரப்பெட்டி, மேலே கோணிப்பை. வெந்நீர் ஆவி போய்ப் பட்டதும் பூச்சிகளுக்கு உற்சாகம் ஜாஸ்தியாகி, ஜன்னல் வழியாக மாடி வரை கேட்டது. அதை அமுக்க இருசப்பன் டேப்ரெக்கார்டரில் முருகன் பஜனையைக் காலையும் மாலையும் அலறவிட்டார். தசரதன் உருகிப்போனார். இப்படிப்பட்ட பக்தர் வீட்டில்தான் உட்கார வேண்டும் என்று இரண்டு ஜெர்மன்காரப் பெண்மணிகளைத் தியானத்துக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் குளியலறைக் கதவைப் பார்த்தபடி கண்ணை மூடிக்கொண்டார்கள். குளிக்கப் போன இருசப்பன் சோப்பு நுரையோடு அரை மணி நேரம் உள்ளேயே நின்றார்.

கடைசியில் காட்டிக்கொடுத்தது சத்தம் அல்ல. புதுப் பெட்டிக்குப் புது அட்டை வைத்ததால் பழைய முட்டை அட்டைகள் பன்னிரண்டைக் குப்பைக்குப் போட்டார். வீடும் மாடியும் பெருக்கும் கன்னியம்மாள் அவற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது தசரதன் பார்த்துவிட்டார்.

அரை மணியில் சந்தே கூடிவிட்டது. மாடிப்படியில் வெள்ளைக்காரர்கள் நின்றார்கள்.

"முந்நூத்தறுபது முட்டை" என்றார் தசரதன். "என் வீட்டுல. மயில் வர்ற வீட்டுல."

முட்டை வாங்கவில்லை, அட்டைதான் வாங்கினேன் என்றார் இருசப்பன். முட்டை இல்லாத அட்டையை எவன் வாங்குவான் என்றார் தசரதன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் இருசப்பனுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போனார். பரணிலிருந்து பெட்டியைத் தூக்கிவந்து வாசலில் வைத்துத் திறந்தார். நாற்பது ஐம்பது பூச்சிகள் தசரதனின் வெள்ளை வேட்டியில் தாவி ஏறின.

"முட்டை தின்னற ஆளுன்னு என்னைச் சொல்லாதீங்க. நான் தின்னது இதை. மூணு மாசமா."

வேதா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"கருமம், இதையா?" என்றார் தசரதன்.

"அக்ரிமெண்டை எடுத்துப் பாருங்க. கறி, மீன், முட்டை, கருவாடுன்னு எழுதியிருக்கு. பூச்சின்னு எங்க எழுதியிருக்கு?" இருசப்பன் அதோடு நிற்கவில்லை. மூன்று வருஷமாகச் சொன்ன 'சார்' உதிர்ந்து போயிற்று. "தசரதண்ணே, நீயும் நானும் அடி அண்ணாமலையில ஒரே புத்துல ஈசல் புடிச்சவங்கதானே? வறுத்த ஈசலை டவுசர் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு ஸ்கூலுக்கு வந்தது யாரு? வெள்ளைக்காரனுக்கு ரூம் கட்டுனதுக்கு அப்புறம்தானே உனக்கு ஆசாரம் வந்துச்சு?"

கூட்டம் இந்த முறை தசரதனைப் பார்த்துச் சிரித்தது. அவர் முகம் சிவந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணு."

"பண்றேன். ஆனா தின்னறதை நிறுத்த மாட்டேன்." இருசப்பன் பொடி டப்பாவைக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க ஒரு ஸ்பூன் வாயில் போட்டு மென்றார். "இது உழைக்கிறவன் சாப்பாடு. உலகமே நாளைக்கு இதைத்தான் தின்னப் போவுது."

"ஏங்க," என்றாள் வேதா. "அது கொள்ளுங்க."

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"கொள்ளும் பொட்டுக்கடலையும். மிளகாய் ரெண்டு. முதல் நாள்ல இருந்தே அதான்." தசரதன் பக்கம் திரும்பினாள். "என் கடாயில ஒரு பூச்சிகூட விழுந்தது இல்லைங்க. நாங்க எதுக்குக் காலி பண்ணணும்?"

இருசப்பனுக்கு வீடு திரும்பக் கிடைத்தது. அவமானம் அதைவிடப் பெரிதாகக் கிடைத்தது. கொள்ளைத் தின்றா கிரிவலம் போனோம் என்று நினைத்தபோது காலே வலிப்பது போலிருந்தது. ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றார். "பரவாயில்லை. நாளையிலேர்ந்து நானே வறுத்துக்கறேன்" என்றார்.

தசரதன் வேட்டியை உதறிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் திரும்பினார். குரலில் பழைய கம்பீரம் வந்துவிட்டது. வீடு சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது, முருகன் வாகனம் ஏமாறுமா, தன் முகத்தைப் பார்க்காமல் அதற்கு ஒரு நாள் விடியாது என்று வெள்ளைக்காரர்களுக்கு அறிவித்தார். பிறகு, போனால் போகிறது, குடும்பம் இருந்துகொள்ளட்டும், ஆனால் இந்தப் பெட்டி இப்போதே மலைக்குப் போக வேண்டும், நாளையிலிருந்து இந்த வீட்டில் ஒரு பூச்சி இருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

"ஆமா, தினம் ஒரு டம்ளர் பூச்சி எங்க போச்சு?" என்று கேட்டான் கூட்டத்தில் நின்ற காசி.

வேதா கன்னியம்மாளைப் பார்த்தாள். கண்காணாத இடத்தில் கொட்டச் சொல்லி அவளிடம்தான் தினமும் கொடுத்திருந்தாள்.

கன்னியம்மாள் முட்டை அட்டைக் கட்டைக் கீழே வைத்தாள்.

"மாடி பெருக்கப் போறப்ப மொட்டைமாடியிலதான் கொட்டிட்டு வருவேன்" என்றாள். "பின்ன என்ன சார், அந்த மயிலு தினம் உங்க மூஞ்சியப் பாக்கவா வந்துச்சு?"