கமலவேணி அம்மாள் வீட்டுப் பின் போர்ஷன்

ஒரு காட்டில் மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மிருகங்கள் எல்லாம் மரத்துக்கு மரம் 'வீடு வாடகைக்கு' போர்டு தேடி அலைந்தன. காட்டின் நடுவே பாறையைக் குடைந்து கட்டிய வீடு ஒன்று இருந்தது. காற்று வரும், மழை வராது. முன்பக்கத்தில் கமலவேணி அம்மாள் என்ற முள்ளம்பன்றியும் அவர் கணவர் தணிகாசலமும் இருந்தார்கள். பின் போர்ஷன் வெகுகாலமாகக் காலி. காரணம், கமலவேணி அம்மாள் வருகிறவர்களை விசாரிப்பார்.

முதலில் முயல் தம்பதி வந்தார்கள்.

"எத்தனை பேர்?"

"இப்போதைக்கு ரெண்டு பேர்தாம்மா."

"தீபாவளிக்கு?"

முயல் மனைவி வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தாள். வீடு இல்லை என்று ஆகிவிட்டது.

அடுத்து மயில்.

"என்ன வேலை பார்க்கிறே?"

"நாட்டியம்மா."

"அது சரி, வேலை?"

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டியது.

யானை சுத்த சைவம். அமைதியானவர். ஆனால் குளிக்க எவ்வளவு தண்ணீர் ஆகும் என்று கேட்டபோது, பொய் சொல்லத் தெரியாமல் எதிரே ஓடிய ஆற்றைக் காட்டிவிட்டார்.

அப்போது வரிசையின் பின்னால் ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்த்தால் வரிசையே இல்லை. சிறுத்தை மட்டும் கைகட்டி நின்றது. அதன் குகை இடிந்துவிட்டதாம்.

"தனி ஆளா தம்பி?"

"ஆமாம்மா. எங்கிட்ட யாரும் ஒட்டுறதில்ல."

"சத்தம் போடுவியா?"

"நான் வர்றதே யாருக்கும் தெரியாதும்மா. தெரியும்போது அவங்க சத்தம்தான் கேட்கும்."

"விருந்தாளிங்க வந்து மாசக்கணக்கில் டேரா போடுவாங்களா?"

"வந்தவங்க யாரும் மறுநாள் வரைக்கும் இருந்ததில்லம்மா."

"சமையல்?"

"அடுப்பே பத்த வைக்கிறதில்ல."

"வெங்காயம், பூண்டு?"

"ஐயோ, வாசனையே ஆகாது!"

கமலவேணி அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பிள்ளையா!

தணிகாசலம் அவரைத் தனியே இழுத்துப் போனார். "கமலா, அது சிறுத்தை."

"இருக்கட்டுமே. எவ்வளவு பணிவாப் பேசுது பாருங்க."

"மானைத் தின்கிற ஜந்து!"

"வெளியில சாப்பிடுறதெல்லாம் நமக்கெதுக்குங்க? வீட்டுக்குள்ள சுத்தமா இருந்தா சரி."

சாவி கைமாறியது. காடு நடுங்கிப்போனது. இதுவரை காட்டோரத்தில் இருந்த எமன் இப்போது நட்டநடுவில் குடிவந்துவிட்டான். யானை தலைமையில் ஒரு கூட்டம் வந்து, காலி செய்யச் சொல்லும்படி கெஞ்சியது. "கேட்டதுக்கெல்லாம் சரியா பதில் சொன்ன பிள்ளையை என்னன்னு சொல்லிக் காலி பண்ணச் சொல்றது?" என்று கமலவேணி அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார். முயல்கள் குட்டிகளோடு ஊரைவிட்டுப் போக மூட்டை கட்டின.

பொழுது சாய்ந்தது. சிறுத்தை சோம்பல் முறித்துக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பியது. கேட் பூட்டியிருந்தது.

"விளக்கு வச்சப்புறம் வெளியே போறது நல்ல குடும்பத்துக்கு அழகில்ல தம்பி," என்றார் கமலவேணி அம்மாள்.

சிறுத்தைக்குக் கோபம் வந்தது. பாய்ந்து ஓர் அறை விட்டது. பாதம் முழுக்க முள். அம்மாள் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "பார்த்து நடக்கக் கூடாதா? சரி, வாசல்ல சொட்டினதைத் துடைச்சிட்டு உள்ளே போ," என்றார்.

பகலில் வேட்டையாடி ஒரு காட்டுக்கோழியை உயிரோடு கவ்வி வந்தது. "படியெல்லாம் இறகு! முதல்ல கூட்டு!" கூட்டி முடித்துத் திரும்புவதற்குள் கோழி பறந்துவிட்டது. பட்டினியாகக் கிடந்த பிள்ளைக்கு அம்மாள் புடலங்காய்க் கூட்டு கொண்டுவந்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். விடிந்தால் செல்போனில் குட்மார்னிங் படம் வரும். கீழே, 'நகத்தைச் சுவரில் தீட்ட வேண்டாம்.' கொஞ்சம் கண்ணயர்ந்தால் கதவு தட்டும் சத்தம். "ஒண்ணுமில்ல தம்பி, ஃபேன் ஓடுதான்னு பார்க்க வந்தேன்." வாய்விட்டு உறுமக்கூட முடியவில்லை. தணிகாசலத்துக்கு ரத்த அழுத்தமாம்.

சிறுத்தை இளைத்தது. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

கடைசியில் ஒருநாள், அம்மாள் ஊறுகாய் ஜாடி எடுக்க உள்ளே போன சமயம், சிறுத்தை மதில் ஏறிக் குதித்து ஓடியது. அட்வான்ஸைக்கூடக் கேட்கவில்லை. காட்டோரத்தில் வனத்துறைக்காரர்கள் கூண்டு வைத்துவிட்டு, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சிறுத்தை நேரே அவர்களிடம் போனது.

"ஐயா, இதுக்குள்ள ஹவுஸ் ஓனர் வருவாங்களா?"

டீ கிளாஸ் நழுவ, "வர மாட்டாங்க," என்றார் ஒருவர்.

சிறுத்தை தானே உள்ளே ஏறி, கதவை இழுத்துச் சாத்தி, வாலைச் சுருட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப்போனது.

காடே திருவிழாக் கோலம் பூண்டது. முயல்கள் மூட்டையைப் பிரித்தன. மயில் ஆடிய ஆட்டத்தில் பாதித் தோகை உதிர்ந்தது. எல்லோரும் கமலவேணி அம்மாளைத் தேடி வந்து மாலை போட முயன்று, மாலைக்குள் தலை நுழையாமல், கடைசியில் முள்ளுக்கு ஒன்றாகப் பூவைக் குத்திவிட்டுப் போனார்கள்.

"எப்படிம்மா துரத்தினீங்க?" என்று யானை தழுதழுத்தார்.

உடம்பெல்லாம் பூவாக நின்ற கமலவேணி அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"துரத்தினேனா? தங்கமான பிள்ளை! வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டேனே!"

நீதி: எதிரியை ஒழிக்க ஆயுதம் எதற்கு? அவனுக்கு ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டு, அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.