பட்டுக் கட்டினால்தான் மருந்து

ஒரு வீட்டில் படித்தவன் ஒருவன் இருந்தால் போதும், அந்த வீட்டுக்குத் தனியாக வியாதி எதுவும் தேவையில்லை. எங்கள் வீட்டில் அது நான்தான். அறுபதுகளின் கடைசியில் பி.ஏ. பாஸ் செய்துவிட்டு, வேலை கிடைக்காமல், சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கெல்லாம் யாரும் கேட்காமலே ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தேன். (சம்பளம் கிடையாது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு போட்ட சாப்பாடு உண்டு.)

அப்பா மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் பியூன். அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்து ஓய்வு. அதற்குள் ஃபாரம் எழுதிக் கொடுத்துவிட்டால், ஆயுசு உள்ளவரை கணவன் மனைவி இருவருக்கும் மருந்து கொடுக்கிற அரசாங்க இன்சூரன்ஸில் சேரலாம். தேதி தாண்டினால் பிரம்மாவே சிபாரிசுக் கடிதம் கொடுத்தாலும் முடியாது. அப்பாவுக்கு ஜலதோஷம்கூட வராது. அம்மாவுக்குத்தான் இழுப்பு. மார்கழி பிறந்தால் தறியில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவாள். அந்த ஊசியையும் மாத்திரையையும் வெளியே வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆக, அந்த இன்சூரன்ஸ் அட்டை அம்மாவுக்குக் கட்டாயம் வேண்டும்.

ஃபாரத்தை நானே நிரப்பினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. கடைசியில், தம்பதியாக எடுத்த போட்டோ மூன்று பிரதி என்று போட்டிருந்தது. அங்கேதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது.

“இந்த நூல் புடவையோடயே வரேன்டா. மருந்து வாங்கத்தானே போட்டோ? எனக்கு மாப்பிள்ளையா பாக்கப் போறாங்க?” என்றாள் அம்மா.

“உனக்கு ஒண்ணும் தெரியாதுமா. போட்டோவுல ஏழையாட்டம் இருந்தா கலர் தண்ணிதான் ஊத்துவான். பெரிய மனுஷியாட்டம் இருந்தாத்தான் நல்ல மருந்தா எடுப்பான்.”

இந்திய அரசாங்கத்தைப் பற்றி எனக்கிருந்த மொத்த ஞானம் அவ்வளவுதான். இதற்கு ஒரு பல்கலைக்கழகம் பட்டம் வேறு கொடுத்திருந்தது.

பட்டுக்கு எங்கே போவது? அம்மாவும் எங்களோடு இருந்த சித்தியும் சேர்ந்து இருபது வருஷமாகப் பட்டு நெய்தார்கள். வீட்டில் சொந்தமாக ஒரு பட்டுப் புடவை கிடையாது. அம்மாவின் கல்யாணப் புடவை எப்போதோ ஜரிகைக்காகக் கை மாறிவிட்டது. ஆனால் அன்று காலை தறியிலிருந்து அறுத்த புடவை ஒன்று மடித்து வைத்திருந்தது. அகலக் கரை, முந்தி முழுக்க ஜரிகை. நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொன்ன முதலாளியிடம் மறுநாள் கொடுக்க வேண்டியது.

“விக்கிற புடவைடா. எவளோ ஒரு பொண்ணு மணையில கட்டிக்கினு உக்காரப் போறா” என்று அம்மா பின்வாங்கினாள். நான் விடவில்லை. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. மடிப்பை முழுக்கக் கலைக்காமல், நூல் புடவைக்கு மேலேயே முந்தியை மட்டும் தோளில் போட்டுக்கொள்வது. ஊசி குத்தக் கூடாது. ஆக, இடுப்புக்கு மேலே ஜமீன்தாரிணி, கீழே எங்கள் அம்மா.

ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, “டச்சப் பண்ணணுமா தம்பி?” என்று கேட்டார்.

“நல்லாப் பண்ணுங்க. அம்மாவுக்கு முக்கியமா.”

“எவ்ளோ வயசு குறைக்கலாம்?”

“உங்க திறமை” என்றேன் பெருந்தன்மையாக.

அந்த மனிதரிடம் திறமை ஏராளமாக இருந்தது. பென்சிலை வைத்துக்கொண்டு சுருக்கத்தை எடுத்தார், நரையைக் கறுப்பாக்கினார், கன்னத்தை உப்ப வைத்தார். அப்பாவுக்கும் செய்ய இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றதால் அவரை அப்படியே விட்டுவிட்டோம். போட்டோ வந்தபோது, பொக்கை வாயும் வழுக்கையுமாக அப்பா. அவர் பக்கத்தில் பட்டு கட்டிய ஓர் இருபது வயதுப் பெண். அம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “யாருடா இவ?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். கலை ரசனை இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டு ஃபாரத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். போட்டோவின் மேல் பாதி முத்திரை விழ, அட்டையும் வந்தது. தெரு முழுக்கக் காட்டினேன்.

மார்கழி வந்தது. அம்மாவுக்கு இழுப்பும் வந்தது. மூன்று பேரும் மருந்தகத்துக்குப் போய் வரிசையில் நின்றோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“போட்டோவுல இருக்கிறது யாரு?”

“என் சம்சாரம்ங்க” என்றார் அப்பா.

“அது தெரியுது. இந்தம்மா யாரு?”

“இவளும் என் சம்சாரம்தாங்க.”

(அப்பா பொய் பேசத் தெரியாதவர். உண்மையும் அவருக்குச் சரியாகப் பேச வராது.)

“ஏன் பெரியவரே, சின்ன வீட்டு அட்டைய எடுத்துக்கினு வந்து பெரிய வீட்டுக்கு மருந்து வாங்கப் பாக்கறியா?”

வரிசை மொத்தமும் சிரித்தது. இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நான் இங்கிலீஷில் இறங்கினேன்.

“சார், திஸ் இஸ் மை மதர்!”

“எது, போட்டோவுல இருக்கிறதா? அதுக்கு உன் வயசுதான்பா இருக்கும்.”

புதுப் போட்டோ ஒட்டலாமே என்றேன். ஒட்டலாம், ஆனால் புதிதாக மனுப் போட வேண்டும். சேரும் தேதிதான் முடிந்துவிட்டதே என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து அவருக்கே மனசு இளகியது. “முகம் ஒத்துப்போகல. அந்தக் கரை போட்ட பட்டுப் புடவையாவது கட்டிக்கினு வாம்மா. ஏதோ ஒண்ணு ஒத்துப்போனா எழுதிடறேன்.”

அம்மா அவரைத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பேச மூச்சில்லை, அதனால் தப்பித்தேன். வெறுங்கையோடு அவளை ஜட்காவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, என் பட்டத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம் போலிருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அப்போது எங்கள் தறியில் பாதிப் புடவைதான் நெய்து முடிந்திருந்தது. சித்தி தெருவில் வீடு வீடாக ஓடி, மூன்றாம் வீட்டில் மறுநாள் காலை அறுத்த புடவையை இரவல் வாங்கி வந்தாள். அதை மேலே போட்டுக்கொண்டு போன அம்மாவைப் பார்த்ததும் குமாஸ்தா, “இப்ப சரியாக்கீது” என்று எழுதிக் கொடுத்தார். போட்டோ கறுப்பு வெள்ளை என்பதால், கரை அகலமாக இருந்தால் எந்தப் பட்டும் அவருக்குச் சம்மதம்.

அதன் பிறகு அம்மாவின் வைத்தியம் தெருவின் தறிகளைப் பொறுத்து நடந்தது. மாத்திரை தீரப்போகிறது என்றால், யார் வீட்டில் என்றைக்குப் புடவை அறுக்கிறார்கள் என்று சித்தி விசாரித்து வைப்பாள். எத்தனையோ மணப்பெண்கள் முதல்முறை உடுத்திய கூரைப் புடவை, அதற்கு முன்பே அம்மா தோளில் ஏறி மருந்து வரிசையில் நின்றிருக்கிறது. ஒருமுறை எங்கள் முதலாளி புடவையைப் பிரித்து முகர்ந்து பார்த்து, “இன்னாம்மா, டிஞ்சர் வாசனை அடிக்குது?” என்றார். “புது ஜரிகைங்க, அப்படித்தான் இருக்கும்” என்றாள் சித்தி.

எனக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு பட்டு வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைக் கோயிலுக்குக் கட்டவில்லை, விசேஷத்துக்குக் கட்டவில்லை. மருந்து வாங்கும் நாளில் மட்டும் பெட்டியிலிருந்து எடுப்பாள்.

என் கல்யாணத்தன்று வேறு வழியில்லாமல் அதையே கட்டிக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான். தெருக்காரர்கள் அத்தனை பேரும் நான் தாலி கட்டுவதைப் பார்க்காமல் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் வெந்நீருக்கு ஓடினார், ஒருவர் விசிறினார். பெண்ணின் அம்மா பதறிப்போய், “சம்பந்தியம்மாவுக்கு உடம்புக்கு இன்னா?” என்று கேட்டார்.

“எனக்கு ஒண்ணுமில்லமா, நல்லாத்தான் கீறேன்” என்று அம்மா என்னைக் கை காட்டினாள். “வியாதி அதோ, மாலை போட்டுக்கினு மணையில உக்காந்திருக்குது.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு அது நன்றாகக் கேட்டது. இன்றுவரை அவள் எந்த ஃபாரத்தையும் என் கையில் கொடுத்ததில்லை.