பூட்டன் அங்கிளும் டங்கனின் அப்பாவும்

மூன்று கேள்வியில் எந்த மனிதரையும் அவருடைய பூட்டன் வீட்டு வாசற்படலையில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியவர் சிட்னியிலேயே ஒருவர்தான். நாங்கள் இருக்கும் பென்டில் ஹில் பகுதியில் எல்லோரும் அவரைப் பூட்டன் அங்கிள் என்பார்கள். தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்குகிறவரிடம்கூட, "தம்பி, நீர் ஆற்றை மகன்?" என்று தொடங்கிவிடுவார். யாருடைய மகன் என்று சொல்லாமல் அவரைத் தாண்டி ஒருவரும் கல்லாவுக்குப் போனதில்லை. என்னையும் அப்படிப் பிடித்துத்தான், மகன் முறை சொல்லிப் பெறாமகனாக்கினார். அன்றிலிருந்து அவருடைய அரிசி மூட்டையைக் காரில் ஏற்றுவது என் கடமையாயிற்று.

அவருடைய பக்கத்து வீட்டு பெகி அமெரிக்காவில் பிறந்தவர். அமெரிக்கா ஆங்கிலேயரின் காலனியாக இருந்தபோது ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறிப் போன டங்கன் காம்பெல் என்பவரின் வழிவந்தவர். தன் சாம்பலில் ஒரு பிடி டங்கனின் ஊர் மண்ணில் சேர வேண்டும் என்பது பெகியின் அம்மாவின் கடைசி ஆசை. பெகி விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டார். எந்த ஊர் என்பதுதான் தெரியவில்லை. பழைய தேவாலயப் பதிவுகளில் ஊருக்கு ஒரு டங்கன் காம்பெல் இருந்தார்; அப்பாவின் பெயர் தெரிந்தால்தான் இவர் எவர் என்று பிரிக்கலாம்.

வேலிக்கு மேலால் விஷயம் அறிந்த அங்கிள் உடனே தீர்ப்புச் சொன்னார்.

"தேப்பன்ரை பேர் காம்பெல். பேருக்குப் பின்னாலை கிடக்குதே! அந்தாளைத் தேடினால் சரி."

எங்களுக்குப் பெயரோடு ஒட்டியிருப்பது அப்பா பெயர்தானே. அந்தக் குடும்பத்தில் அப்பா, தாத்தா, பூட்டன் எல்லோருமே காம்பெல்தான் என்று பெகி பொறுமையாக விளக்கினார். அங்கிள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"அப்ப இந்தச் சனம் தேப்பன்ரை பேரை எங்கை வைக்கிறது?"

சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போய் பெகியின் கதவைத் தட்டினார். டங்கனின் மூத்த மகனுக்கு என்ன பெயர் என்று கேட்டார். டோர்க்வில் என்றார் பெகி.

"அதுதான் டங்கன்ரை தேப்பன்! மூத்த பொடியனுக்கு அப்பப்பான்ரை பேர் வைக்காமல் விடுவினமே?"

மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் யாழ்ப்பாண வழக்கத்தை ஸ்கொட்லாந்துக்கு ஏற்றுமதி செய்கிறாரே என்று நான் சிரித்தேன். பெகி சிரிக்கவில்லை. அங்கேயும் அந்த வழக்கம் இருந்ததாம். பதிவுகளைப் புரட்டினால், டோர்க்வில்லின் மகன் டங்கன் ஒரேயொரு ஊரில்தான் இருந்தார். முழுக்க நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஆனால் விமானம் ஏற இது போதும் என்றார் பெகி.

போன மாதம் அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்திலிருந்து பெகி அங்கிளை வீடியோவில் கூப்பிட்டார்; நானும் பக்கத்தில் இருந்தேன். சாம்பலை மண்ணில் சேர்த்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நாயோடு போன கிழவரைக் கண்டதும் அங்கிள் போனுக்குள் கத்தினார்.

"ஹலோ! யூ ஆர் ஹூஸ் சன்?"

அந்தக் கிழவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அப்பா பெயர், தாத்தா பெயர் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். பெகி அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார்.

போனை வைத்த பிறகு அங்கிள் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"என்ரை மூத்த பேரனுக்கு என்ரை பேர் இல்லை, ஈதன் எண்டு பேர். நாளைக்கு ஆரும் தேடினால், என்னை எப்பிடித் தம்பி பிடிப்பினம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஊரையே கேட்ட மனிதரை நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. அவருடைய சொந்தப் பெயர்கூட எனக்குத் தெரியாது. கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அங்கிள், நீங்கள் ஆற்றை மகன்?"

தேத்தண்ணி ஆறிப்போகும்வரை சொன்னார். இனி அவரைத் தேடி யாராவது வந்தால் என்னிடம் அனுப்புங்கள்.