மாமனாருக்கு நான் வழி காட்டினது

இங்கிலீஷ்ல நேராப் போகச் சொல்ல எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். வழி மாறிப் போகச் சொல்ல பதினொரு வார்த்தை தெரியும். இதை வச்சே என் குணத்தைப் புரிஞ்சுக்கிடலாம். (என் பொண்டாட்டி அப்படித்தான் புரிஞ்சு வச்சிருக்கா.)

அந்தப் பதினொண்ணும் எப்படி வந்துச்சுன்னு சொல்லிருதேன். பி.ஏ.யில மத்த பேப்பர் எல்லாம் பாஸாகி, இங்கிலீஷ் மட்டும் போயிருச்சு. மறுபடியும் எழுதுறதுக்காக, ஒரே அர்த்தத்துக்குப் பல வார்த்தை போட்டிருந்த ஒரு பழைய புஸ்தகத்தை வாங்கிட்டு வந்தேன். முழுசும் படிக்கச் சோம்பல். கண்ணை மூடிக்கிட்டு ஒரு பக்கத்தைத் திறந்தேன். திரும்புறது, விலகுறது, ஒதுங்குறது, தடம் மாறுறதுன்னு எல்லாமே அந்தப் பக்கத்துல இருந்துச்சு. அதை மட்டும் மனப்பாடம் பண்ணினேன். டீவியேட், டைவர்ஜ், வியர், ஸ்வெர்வ்னு தூக்கத்துலயும் சொல்லுவேன். பரீட்சையில அதுல ஒண்ணுகூட வரல. இங்கிலீஷ் ரெண்டாம் தடவையும் போச்சு.

இது அறுபதுகளோட ஆரம்பம். அந்த நேரம் பாத்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சு. எங்க அப்பா ஜாதகத்தோட ஒரு தாளையும் வச்சு, அதுல 'பையன் பி.ஏ.'ன்னு எழுதி அனுப்பிட்டாரு. பாஸ்னும் எழுதல, பெயில்னும் எழுதல. நானும் வாயைத் திறக்கல. காரணம் அந்தப் பொண்ணு. அவளை முன்னாலயே ஒரு கல்யாண வீட்டுல பாத்திருக்கேன். மைக்செட்டுக்காரர்கிட்டப் போயி, "அண்ணாச்சி, பாட்டை ஒரு நிமிஷம் நிறுத்துங்க. ஐயர் மந்திரம் சொல்லுதாரா, கொட்டாவி விடுதாரான்னு தெரியல"ன்னு சொன்னா. கட்டினா இவளைத்தான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

அவளோட அப்பா வடக்க எங்கயோ ரயில்வேல முப்பது வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவரு. பேரைச் சொல்ல எனக்கு இப்பவும் பயம், அதனால மாமனார்னே சொல்லுதேன். (அப்ப இன்னும் ஆகல.) சாரலுக்குக் குற்றாலத்துல வந்து தங்கியிருந்தாரு. பழைய கறுப்புக் காரு ஒண்ணு, அவரே ஓட்டுவாரு. கீழப்பாவூர்ல எங்க வீட்டைப் பாக்க வாரதாச் சொல்லியிருந்தாரு. வழி காட்ட நானே போறேன்னு குதிச்சேன். ஏன்னா குற்றாலத்துல இருந்து எங்க ஊருக்குத் தென்காசி வழியாத்தான் வரணும். தென்காசியில என் ரிசல்ட் தெரியாத ஆளுன்னா கோயில்ல இருக்க விசுவநாதர் ஒருத்தர்தான். (அவருக்கும் தெரியும். நாந்தான் தேங்கா உடைச்சுச் சொல்லியிருந்தேன்.) தெரிஞ்ச எவன் முன்னாலயும் காரு போகக் கூடாது. இதான் என் திட்டம்.

மாமனார் அருவியில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு, அந்த 'பி.ஏ.' மேல இருந்த சந்தேகம் மட்டும் கழுவப்படாம வந்து உக்காந்தாரு. காரு கிளம்பி இலஞ்சியைத் தாண்டல, முதல் கேள்வி வந்துச்சு.

"எந்த வருஷம் பாஸ் பண்ணுனீங்க?"

ஓரத்துல ஒரு வண்டித்தடம் தெரிஞ்சுச்சு. "சார், கைண்ட்லி டீவியேட் ஹியர்" அப்படின்னேன்.

அவரு என்னைப் பாத்தாரு. ரோட்டைப் பாத்தாரு. ரோடு அகலமா, தூரத்துல கோபுரத்தைக் காட்டிக்கிட்டு அது பாட்டுக்குக் கிடந்துச்சு. வண்டியைத் திருப்பினாரு. வயக்காட்டுக்குள்ள குலுங்கிக் குலுங்கிப் போயி, ஊருக்குள்ள வேற ஒரு பக்கமா நுழைஞ்சோம்.

அங்கன காப்பிக் கடை வாசல்ல என்கூடப் படிச்ச நாலு பேரு நின்னானுவ. "வியர் லெஃப்ட், சார்." பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கண்டக்டர், டிக்கெட்டைக் கிழிக்கும்போதே என் ரிசல்ட்டையும் கேக்குறவரு. "லெட் அஸ் டைவர்ஜ், சார்." மூச்சு விட்டுட்டு நிமுந்தா, டெய்லர் மைதீன் அண்ணாச்சி கையில ஒரு பொட்டலத்தோட கடை வாசல்ல பஸ்ஸுக்கு நிக்காரு. பதறிட்டேன்.

"ஸ்வெர்வ், சார்."

மாமனாருக்கு என்னைவிட நல்லா இங்கிலீஷ் தெரியும். ஸ்வெர்வ்னா சட்டுன்னு வெட்டித் திருப்புறது; சொன்னதை அப்படியே செஞ்சாரு. காரு ஒரு வெட்டு வெட்டி, நின்னுக்கிட்டிருந்த வைக்கோல் வண்டியில மூஞ்சியைப் புதைச்சு நின்னுச்சு. மாடு ரெண்டும் தலையைத் திருப்பி முதல்ல காரைப் பாத்துச்சு, அப்புறம் என்னைப் பாத்துச்சு.

மாமனார் காதோரம் இருந்த வைக்கோலை எடுத்துக் கீழ போட்டாரு. "தம்பி, ரயில்வேல ஒரு வண்டியை வழி மாத்தி விட்டா, முன்னால லைன்ல எங்கயோ விபத்துன்னு அர்த்தம். உங்க விபத்து எங்க?"

"விபத்தெல்லாம் இல்ல சார். இது குறுக்கு வழி."

"கோபுரம் முதல்ல வலது பக்கம் இருந்துச்சு. அப்புறம் இடது பக்கம் வந்துச்சு. இப்ப மறுபடியும் வலது பக்கம் நிக்குது. நல்ல குறுக்கு வழிதான்."

இறங்கிப் போயி வண்டிக்காரர்கிட்ட, "கீழப்பாவூருக்கு எப்படிப் போகணும்?"னு கேட்டாரு.

"இப்படியே நேராப் போங்க. இதுல கேக்க என்ன இருக்கு?"

அதுக்கப்புறம் மாமனார் வண்டிக்காரர் சொன்னபடி நேரா ஓட்டினாரு. தென்காசியைத் தாண்டினோம். அப்பப்ப 'ம்'னு மட்டும் ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு 'ம்'முக்கும் அந்தப் பொண்ணு என்கிட்ட இருந்து ஒரு மைல் தள்ளிப் போன மாதிரி இருந்துச்சு.

பாவூர்சத்திரம் ரயில்வே கேட்டு அடைச்சிருந்துச்சு. மாமனார் கேட்டைப் பாத்ததும் மரியாதையா என்ஜினை அணைச்சாரு. இந்தப் பக்கம் மாட்டு வண்டி, அந்தப் பக்கம் பள்ளம், பின்னால பஸ்ஸு வந்து நின்னுருச்சு. என் பதினொரு வார்த்தையில ஒண்ணுகூட அங்கன செல்லுபடியாகாது.

பஸ்ல இருந்து மைதீன் அண்ணாச்சி இறங்கினாரு. நேரா வந்து கார் ஜன்னல்ல தலையை விட்டாரு.

"ஏலே சுப்பையா, உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன். பட்டம் வாங்கப் போகணும்னு அளவு கொடுத்தியே, அந்தக் கோட்டு போன வருஷமே தைச்சாச்சு. இங்கிலீஷு மறுபடியும் போயிருச்சாமே? நீ பெயிலாகப் பெயிலாக வயிறு வேற போடுதுலே உனக்கு. இடுப்புல ஒரு இஞ்சு விட்டிருக்கேன், போட்டுப் பாரு."

பொட்டலத்தை என் மடியில வச்சாரு. ரயில் இன்னும் வரல.

"எத்தனை தடவை?" மாமனார் முன்னால பாத்தபடியே கேட்டாரு.

"ரெண்டு சார்."

"இதுக்காகவா?"

"ஆமா சார்."

"முதல் தெருவை விட்டு ஒதுங்கினப்ப ஏதோ அடிதடின்னு நெனச்சேன். ரெண்டாவது தெருவுல குடின்னு நெனச்சேன். நாலாவது தெருவுல, தம்பிக்கு இந்த ஊர்ல ஒரு குடும்பமே இருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். பிள்ளைங்க எத்தனைன்னுதான் யோசிச்சுக்கிட்டு வந்தேன்."

அப்பவும் அவருக்கு மனசு ஒப்பல. எட்டிப் பாத்து மைதீன் அண்ணாச்சிகிட்டயே கேட்டுட்டாரு. "பாய், மறைக்காமச் சொல்லுங்க. இவருக்கு வேற குடும்பம் கிடும்பம் ஏதாவது?"

மைதீன் அண்ணாச்சி என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. அளவு எடுக்குற பார்வை.

"நீங்க வேற சார். ஒத்தைப் பேப்பரை வச்சுக் காப்பாத்த முடியாம முழிக்கான். இவன் ரெண்டு வீடு வச்சுக் காப்பாத்துவானா?"

நான் வாங்கின ஒரே நன்னடத்தைச் சான்றிதழ் அதுதான். அதை நம்பித்தான் பொண்ணைக் கொடுத்தாரு. எங்க வீட்டுல வந்து காப்பி குடிச்சிட்டு, எங்க அப்பாகிட்ட ஒரே ஒரு நிபந்தனை வச்சாரு. ரெண்டு வீட்டுக்கும் சேத்துக் கல்யாணப் பத்திரிகையை அவரே அடிப்பாரு. யாரும் திருத்தம் சொல்லக் கூடாது.

பத்திரிகை வந்துச்சு. நாலு மூலையிலயும் மஞ்சள். என் பேருக்குப் பக்கத்துல கொட்டை எழுத்துல, 'பி.ஏ. (இங்கிலீஷ் நீங்கலாக)'.

எங்க அப்பா அதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் வெளிய வரல. பொண்ணு வீட்டுக்காரங்க அதுக்குள்ள ஊர் பூரா கொடுத்து முடிச்சிட்டாங்க. மூணாவது தடவை எழுதி நான் பாஸ் பண்ணினேன். அதை இன்னைக்கு வரைக்கும் எவனும் நம்பல. சர்டிபிகேட்டைக் கையில கொடுத்தா, அச்சைத் தடவிப் பாத்துட்டுத் திருப்பித் தாரானுவ.

அன்னையில இருந்து எங்க வீட்டுல யாரு எதைச் சொன்னாலும் 'எது நீங்கலாக?'ன்னு ஒரு கேள்வி வந்துரும். எல்லாரையும் பாத்துட்டேன்னு சொன்னாலும் என் பொண்டாட்டி கேப்பா, எல்லாம் வாங்கிட்டேன்னு சொன்னாலும் கேப்பா. பிள்ளைங்களும் மார்க்கு அட்டையை நீட்டும்போதே, "எல்லாம் பாஸுப்பா, கணக்கு நீங்கலாக"ன்னு சொல்லிப் பழகிட்டாங்க.

போன மாசம் மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தோம். மாப்பிள்ளை எம்.எஸ்ஸி. பேரை எழுதி நீட்டினேன். என் பொண்டாட்டி வாங்கிப் பாத்துட்டு, எம்.எஸ்ஸி.க்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் விடச் சொன்னா.

"எதுக்கு?"ன்னேன்.

"விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்"னா.