நிறம் போன சீட்டு

போடிநாயக்கனூர்,
ஆவணி பிறந்து முதல் வெள்ளி.

அந்தமானில் கடலுக்கு நடுவே ஊரார் கைக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் என் மகள் பொன்னுமணிக்கு, மலையடிவாரத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் அப்பன் சீனிச்சாமி ஆசி சொல்லி எழுதுவது. இங்கே நலம், அங்கே நலமா என்று தொடங்குவதுதான் முறை. முறைப்படி தொடங்கிவிட்டதாக வைத்துக்கொள்.

தாயி, நீ எழுதியபடியே மதுரைக்குப் போய், நீ நர்ஸ் படிப்புப் படித்த இடத்து லைப்ரரியில் நுழைந்து, நுழைந்த சூட்டோடு உன் மானத்தையும் என் மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டேன். சுவர் நீளத்துக்கு மர அலமாரி, அதில் சின்னச் சின்ன இழுப்பறை, ஒவ்வொன்றிலும் நெருக்கி அடுக்கிய சீட்டுகள். வைத்தியப் பத்திரிகைகளில் வந்த கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டாம். ஏலக்காய் மூட்டை மாதிரி நிறைந்து கிடப்பதைக் கண்டால் என் கை என் பேச்சைக் கேட்காது என்று உனக்குத் தெரியும். நடு இழுப்பறையில் கைவிட்டு ஒரு குத்து அள்ளினேன், மேசையில் பரப்பினேன், வெள்ளை வெளேரென்று புதுசாக இருந்ததை ஒரு பக்கம், நிறம் போனதைக் கழிவுப் பக்கம் என்று தள்ளத் தொடங்கினேன். வருஷக்கணக்காக அதுதானே என் சோலி! இரண்டாவது குத்து அள்ளும்போது ஒருத்தன் ஓடிவந்தான்.

“யோவ், என்னய்யா பண்றே? சீட்டு வெளையாடுறியா?”

“தரம் பிரிக்கிறேன் தம்பி.”

“தரமா! எந்தூருய்யா நீ?”

“போடி.”

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். “நமக்குப் பக்கத்தூரு தேவாரம்ணே. எங்க சோளக்காட்டுல ஆனை பூந்தாக்கூட இம்புட்டுக் கலைக்காதுண்ணே!”

அவன் பெயர் உக்கிரபாண்டி, அந்த லைப்ரரி உதவியாள். பேருக்கு ஏற்ற உக்கிரம் கொஞ்ச நேரம் இருந்தது. உன் கடிதத்தைக் காட்டிய பிறகு, “பொன்னுமணி அக்கா அப்பாவா? அதச் சொல்ல வேண்டியதுதானே” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

நீ கேட்டது ஒன்றுதான்: அம்மா காலுக்கு என்ன, அது திரும்புமா. உன் தீவு ஆஸ்பத்திரியில் மாத்திரை டப்பாவில் ஒட்டியதைத் தவிரப் படிக்க ஒன்றும் இல்லை என்றாய். இங்கே டாக்டர் சத்துக்குறைவு என்கிறார், எஸ்டேட் கங்காணி வயசாகிவிட்டது என்கிறான். வைகாசியில் போடிமெட்டுக்கு மேலே செடிக்குப் பூச்சிமருந்து அடித்த அன்று உங்கம்மா டிரம்முக்குள் வெறுங்கையை விட்டுக் கலக்கியது வயசு இல்லையே. வாயில் நுரை தள்ள ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பிழைத்தாள். எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக என்னைத் திட்டினாள், குணமாகிவிட்டது என்று நானும் நம்பிவிட்டேன். ஆனியில் ஒருநாள் கடைவீதியிலிருந்து வருகிறாள், ஒரு செருப்புதான் கூட வருகிறது. இன்னொன்று தெருமுனையிலேயே கிடக்கிறது. கழன்றது அவளுக்குத் தெரியவே இல்லை. அதற்கப்புறம்தான் இரண்டு பாதமும் தொங்கிப்போனது, உனக்கு எழுதினேன்.

சரி, தேடின கதைக்கு வருகிறேன். “யாருக்கு, எதனால், என்ன ஆயிற்று என்று கேள்வியை மூன்றாக உடையுங்கள். மூன்றிலும் விழுகிற சீட்டை மட்டும் எடுங்கள்” என்று எழுதியிருந்தாய். நான் உடைக்காமல் முழுசாக ஏலக்காய் என்று தேடினேன். ஏலக்காய் வாய்நாற்றத்துக்கு நல்லது, வயிற்றுப் பொருமலுக்கு நல்லது என்றிருந்தது, எங்கள் முதலாளியே எழுதிக்கொடுத்த மாதிரி. கால் என்று தேடினேன், உலகத்தில் பந்து உதைக்கிறவன் முட்டியெல்லாம் வந்து குவிந்தது. விஷம் என்று தேடினேன், பாம்பாக வந்தது. “ஒரே பேரை வைத்துத் தேடி நிற்காதீர்கள், நோய்க்கு வீட்டில் ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர் இருக்கும்” என்று நீ எழுதிய வரியை உக்கிரபாண்டிதான் விரல் வைத்துக் காட்டினான். பிறகு நரம்பு, பூச்சிமருந்து, தோட்டத் தொழிலாளி என்று பாக்கெட் டிக்சனரியைப் புரட்டிப் புரட்டி, முதலில் பெரிய கண் சல்லடை, அப்புறம் சின்னக் கண் என்று நீ சொன்ன கணக்கிலேயே சலித்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் தோற்றவனுக்கு அந்த டிக்சனரி இவ்வளவு உழைத்தது அன்றைக்குத்தான். சலித்து முடித்தால் சல்லடையில் ஒன்றுமே நிற்கவில்லை. அப்போது உக்கிரபாண்டி கேட்டான்:

“அங்கிட்டுக் கெடக்கே, அது என்னாண்ணே?”

“அது கழிவுப்பா. நிறம் போனது.”

“சீட்டு வெளுத்தா நோயும் வெளுத்துருமாண்ணே? கொண்டாங்க இங்கிட்டு.”

நாம் தேடிய சீட்டு கழிவில்தான் கிடந்தது. அதை வைத்துக் கட்டுரையை எடுத்துப் படித்தேன். ஆனால் அது மனுசருக்கில்லை, கோழிக்கு. பூச்சிமருந்தைக் கொடுத்து நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். முதலில் ஒன்றுமில்லாமல் மேய்ந்த கோழி, பல நாள் கழித்துக் கால் மடங்கி உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் எழுந்து நடந்துவிட்டது என்று எழுதியிருக்கிறது. கட்டுரைக் கடைசியில், கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர் பேர் போடுவது போல, வேறு கட்டுரைகளின் பேர் இருக்கும், அதைப் பிடித்துப் போங்கள் என்றாயே, போனேன். அதில் ஒன்று மனுசரைப் பற்றியது. அந்தப் புத்தகம் பைண்டிங்குக்குப் போயிருக்கிறதாம். நம் ராசி.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்கம்மா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

“ஏங்க, கோழியப் பாக்கவா மதுரைக்குப் பஸ்சு ஏறுனீக? இந்தா, வாசல்ல நிக்கிறது என்னவாம்?”

“ஆராய்ச்சிக் கோழிடி அது.”

“சரி, என்னதான் போட்டிருக்காக?”

“மோர் நெறையக் குடிக்கணுமாம்.”

“இதப் பக்கத்து வீட்டு முனியாயி சொல்லுவாளே, புஸ்தகம் எதுக்கு?” என்றவள், அடுத்த மூச்சில், “காய் எடுப்பு தொடங்கியாச்சு. ஜீப்புல ஓரத்து எடம் என் எடம். எவளுக்கும் விட்டுக்குடுத்துராதீக, சொல்லிப்புட்டேன்” என்றாள்.

அவள் வெரசாகத் தேறிவருகிறாள். நேற்று சுவரைப் பிடிக்காமலே அடுப்படிக்குப் போனாள். ஆகையால் நீ லீவு கீவு போட்டுக் கப்பலுக்கு நின்று அலைய வேண்டாம். மலைமேல் மழையும், தீவில் உன் கையும் குறைவில்லாமல் இருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும்.

உன் அப்பன்,
சீனிச்சாமி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுத எழுத வாசிக்கச் சொல்லி உங்கம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இதைத் தபாலாபீஸில் நூல் கட்டிய பேனாவால் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

கோழி எழுந்து நடக்கவில்லை. படம் போட்டிருந்தார்கள். கோழிக்கும் முகம் உண்டென்று அன்றைக்குத்தான் கண்டேன். மனுசரைப் பற்றிய புத்தகம் பைண்டிங்குக்குப் போகவில்லை, மேசையிலேயே இருந்தது, படித்தேன். மோர் என்ற பேச்சே அதில் இல்லை. கையில் போன பலம் பலருக்குத் திரும்பியதாம். பாதம் தொங்கியவர்களில் நிறையப் பேரை வருஷங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் தொங்கியபடியே இருந்ததாம். தப்பாகப் படித்திருப்பேன் என்று உக்கிரபாண்டியிடம் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு, “வாங்கண்ணே, ஒரு டீ குடிச்சுட்டு வருவோம்” என்றான். அந்தப் பக்கத்தைக் கையால் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் இந்தத் தடவையும் நான் தோற்றுவிட்டேன் என்று நீ எழுதினால் சந்தோஷப்படுவேன். அடுப்படிக்கு அவள் நடந்து போகவில்லை, அப்படி எழுதச் சொன்னதே அவள்தான். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். லீவு கிடைத்தால் போடு.

இன்று காலையும் ஜீப்பு வந்து நின்றது. டிரைவர் மலைச்சாமி, “அண்ணே, மதினி எடம் சும்மா கெடக்கு, வேற ஆள ஏத்திக்கிறவா?” என்று கேட்டான். உங்கம்மா கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். “இருக்கட்டும்ப்பா, வருவா” என்றேன். ஏத்திக்கப்பா என்று சொல்லவில்லை.