நாடி குணமாகிவிட்டது

மனிதகுலத்தின் மாபெரும் வெற்றிகளைப் பட்டியலிடுவோர், மஞ்சள் ஆற்றங்கரையில் ஒரு சீன வைத்திய மருத்துவமனை குடல் அழற்சியையே ஒழித்துக்கட்டியதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

ஷெங் பைலின் நகரப் பேருந்து ஓட்டுநர். பெருங்குடலில் புண். வயிறு முறுக்கினால் வண்டியைப் பயணிகளோடு சிக்னலில் விட்டுவிட்டு ஓடிவிடுவார். "குணமானாத்தான் வண்டி. இல்லன்னா வாட்ச்மேனா டிப்போ கேட்டைப் பாத்துக்க" என்று மேலாளர் ஹூ அன்போடு சொல்லியிருந்தார்.

கோடை முழுக்க அந்த மருத்துவமனையின் கறுப்புக் கஷாயம் குடித்தார் ஷெங். தலைமை மருத்துவர் வென் மணிக்கட்டைப் பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லித் தீர்ப்பளித்தார்.

"நாடி பிரமாதம். நாக்கும் பிரமாதம். குணமாயிட்டீங்க."

"டாக்டர், காலையிலகூட ரத்தம் போச்சு."

"அது குடல். அதுக்கு எதுவும் லேட்டாத்தான் புரியும். பதாகை எப்பக் கொண்டு வரீங்க?"

குணமானவர்கள் மருத்துவருக்குத் தங்க எழுத்தில் நன்றி பொறித்த சிவப்புப் பட்டுப் பதாகை தருவது ஊர் வழக்கம். இங்கே முறை இன்னும் 'அறிவியல்பூர்வமானது': பதாகை தந்தவர் குணமானவர்.

மருத்துவமனையைப் பார்வையிட மாகாண அதிகாரிகள் வந்த அன்று, மேலாளர் ஹூவையும் சாட்சிக்கு அழைத்திருந்தார் வென். ஷெங் பதாகையை விரித்துப் பிடித்து மேடையில் நின்றார். வென்னின் உரை பேரண்டத்தில் தொடங்கி மண்ணீரலுக்கு இறங்குவதற்குள் ஷெங்குக்கு வியர்த்துவிட்டது.

"டாக்டர், கொஞ்சம் சுருக்கமா..."

"போட்டோ எடுக்கறாங்க. அசையாதீங்க டிரைவரே."

ஷெங் பதாகையை அருகிலிருந்த அதிகாரியின் மடியில் போட்டுவிட்டு ஓடினார்.

வென் கலங்கவில்லை. "வேகத்தைக் கவனிச்சீங்களா? வந்தப்போ இவரால நடக்கவே முடியல."

பலத்த கைதட்டல்.

ஹூ மட்டும் பின்னாலேயே போனார். கழிவறை வாசலில் நீண்ட வரிசை. அதன் கடைசியில் ஷெங், வயிற்றைப் பிடித்தபடி.

"இவங்கல்லாம் நோயாளிங்களா?" என்று நர்ஸைக் கேட்டார் ஹூ.

"சேச்சே. குணமானவங்க. நோயாளிங்க கழிவறை அதோ அந்தப் பக்கம். அது காலியாத்தான் கிடக்கு."

ஷெங் அந்தக் காலிக் கழிவறையின் பூட்டிய கதவைப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார். நோயாளி என்று ஒப்புக்கொண்டால் வண்டி போகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் இங்கேயே மானம் போகும்.

"மேனேஜர், கேட்டையே பாத்துக்கறேன்," என்றார் கடைசியில். "நர்ஸம்மா, நான் நோயாளிதான். கதவைத் திறங்க."

நர்ஸ் பரிவோடு தலையசைத்தாள்.

"பேராசைப்படாதீங்க டிரைவரே. உங்களை டாக்டர் குணப்படுத்திட்டார். இனிமே உங்களுக்கு நாங்க ஒண்ணும் செய்ய முடியாது."